ரங்கூன் முத்திரை

நம் வயதுக்காரர்களுக்கு அடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்பு, வீட்டில் விளக்குமாறு, தெருவில் கைக்கு எது அகப்படுகிறதோ அது. அடித்தவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அடிபட்டவரைப் பார்த்துத்தான் 'நீ என்ன செஞ்ச?' என்று கேட்பார்கள். இன்று என் பேத்தியின் தலையில் ஒரு குட்டு வைத்தால் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டேன் என்கிறாள். நல்லதுதான். எனக்குப் பதினோரு வயதில் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் நடந்ததை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அதே காலத்தில் அதே மாதிரி வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே.

எழுபதுகளின் கடைசி. ஆனி மாதக் காற்று புழுதியை வாரி இறைக்கத் தொடங்கியதிலிருந்து கோவில் திருவிழாவான ஆடித்தபசு வரையிலான நாட்கள். அவ்வளவுதான் இந்தக் கதையின் காலம்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலை ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பிள்ளைகள் நாங்கள் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். கரண்ட் போனால்தான் எங்கள் தெரு எங்கள் காதில் விழும். குழந்தை அழுவது, யாரோ இருமுவது, எந்த வீட்டிலோ ஒரு பெண் 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்வது. கரண்ட் வந்ததும் எல்லாம் அமுங்கிவிடும். எந்த வீடு என்று யாரும் விசாரித்ததில்லை.

எங்கள் பின்கட்டில் நான்கு தறி. அப்பா ஓட்டினார். முன்னறையில் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், தனியாக இருந்தார். ரங்கூனில் ஒரு காகிதக் கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். பெரியம்மா அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனாள். இனி அங்கே இருக்க முடியாது என்று ஆனதும் எல்லோரையும் போல அவரும் கப்பலேறி வந்தார். துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் அவர் விரல் மோதிரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டார்களாம். தகரப்பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே வெறும் கல் என்று சிரித்துவிட்டு மூடினார்களாம்.

வெறும் கல் இல்லை, முத்திரைக் கற்கள். காகிதக் கடைக்கு அடுத்த கடை, கல்லில் பெயர் செதுக்கும் ஒரு சீனக் கிழவருடையதாம். சீனர்கள் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாகக் கல்லில் பெயரைச் செதுக்கி வைத்துக்கொண்டு சிவப்பு மையில் ஒற்றிக் குத்துவார்கள். செத்துப்போனவர்களின் முத்திரைகளும், செய்யச் சொன்னவர்கள் வாங்க வராத முத்திரைகளும் அந்தக் கிழவரிடம் கிடக்கும். அவற்றில்தான் பெரியப்பாவுக்குப் பைத்தியம் பிடித்தது.

ஒவ்வொரு கல்லையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். வெண்ணெய் நிறத்தில் ஒன்று, தலையில் படுத்திருக்கும் சிங்கத்தோடு. இறைச்சியில் ஓடும் கொழுப்பைப் போலச் சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒன்று. கட்டைவிரல் நகமளவு பழுப்புக் கல் ஒன்றில் அரபி எழுத்து தலைகீழாக இருக்கும். அதைப் புளியங்குடியில் ஒரு ராவுத்தர் வீட்டில் வாங்கினார். அந்த வீட்டுப் பெரியவரின் பாட்டனார் பாரசீகத்துப் பக்கம் கப்பலில் போய் வந்தவராம். பெரியப்பா எலுமிச்சை மார்க்கெட்டில் வேலை பார்த்ததால் தினமும் புளியங்குடிக்குப் பஸ்ஸில் போவார். நான்கு மாதம் அந்த வீட்டுப் படியேறி இறங்கி, கடைசியில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கல்லோடு வந்தார்.

"வாட்ச் எங்க?" என்றார் அப்பா.

"நேரத்தக் குடுத்துட்டு ஒரு மனுசன் பேரை வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் பெரியப்பா. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அப்பா சோற்றுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். ரசம் வழிந்து இறங்கியது. பெரியப்பா எழுந்து போய்க் கல்லில் ரசம் படாமல் துணியில் பொதிந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போவார். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடிசைகளில், பிள்ளைகள் விளையாட்டுச் சாமானாக உருட்டிக்கொண்டிருக்கும் முத்திரைகளைத் தேடிப் பிடித்து வருவார். ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒன்றாகக் குத்தி வைப்பார். ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மை தீர்ந்ததும் தானே செய்ய ஆரம்பித்தார். நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் என்ற செந்நிறக் கல்மருந்து வாங்கி, கல்வத்தில் நாள் கணக்காக அரைத்து, விளக்கெண்ணெயில் குழைத்து, இலவம்பஞ்சில் ஊறவைப்பார். ரத்தத்தைவிடச் சிவப்பாக இருக்கும். தோலில் பட்டால் நாலு நாளைக்குப் போகாது.

அவர் கல் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார எனக்கு மட்டும் அனுமதி உண்டு. ஆனி மாதத்தில் ஒரு நாள் அந்தச் சிங்கக் கல்லை நான் கை தவறிப் போட்டுவிட்டேன். சிங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிப்பக்கத்தில், எழுத்திருக்கும் சதுரத்தின் ஒரு மூலை சில்லாகப் போயிற்று. அந்தச் சில்லை எடுத்து அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் அறைந்தார். அப்பா தினமும் அடிப்பவர், அது எனக்குப் பழகியிருந்தது. பெரியப்பா அதுவரை என்னைத் தொட்டதில்லை. காது இரண்டு நாள் கொய்யென்றது.

அந்தக் கோபத்தில்தான் திருடினேன். பெரியப்பா வேலைக்குப் போன பிறகு சிங்கக் கல்லையும் மைச்சிமிழையும் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு எதிர்வீட்டு மதினியிடம் போனேன்.

மதினிக்குப் பத்தொன்பது வயது. குருவிகுளம் பக்கத்தில் மானாவாரிக் காட்டு ஊர். ஆடு மேய்த்து வளர்ந்தவள். எங்கள் தெருவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன், எதிர்வீட்டு அண்ணனுக்கு, அவளைவிடப் பன்னிரண்டு வயது கூட. மதினியின் கையிலோ கண்ணுக்குக் கீழேயோ எப்போதும் ஒரு கன்றல் இருக்கும். கேட்டால், "நாடா தெறிச்சு அடிச்சிட்டுட்டி" என்பாள். தறியில் ஊடுநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் மரநாடா சில சமயம் தெறிப்பது உண்டுதான். ஆனால் தறியில் நிற்பது அண்ணன், மதினி இல்லை. இந்தக் கணக்கு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று அவள் மாமியார் கோவிலுக்குப் போயிருந்தாள். மதினி அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லைக் கையில் வாங்கி, சிங்கத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். மணிக்கட்டில் ஒன்று குத்தப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"வெளிய தெரியும், வேண்டாம்."

அப்புறம் யோசித்துவிட்டு, சேலையை லேசாக விலக்கி, "இங்கன குத்து. உள்ள இருக்கதுக்கு இது மொத மொய்" என்றாள். வயிற்றில் நாலு மாதம். இதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருந்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் அழுத்திக் குத்தினேன். ஒரு மூலை இல்லாத சிவப்புச் சதுரம். கூச்சத்தில் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அப்போது கரண்ட் போயிற்று.

தறி நின்றதும் அண்ணன் உள்ளே வருகிற காலடி கேட்டது. நான் நெல் மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன். என்னைப் பார்த்தால் மதினிக்குத் திட்டு விழும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"என்ன இளிப்பு? நான் அங்க சாவுதேன், இங்க ஒனக்கு இளிப்பு."

முதல் அடி தலையில். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கரண்ட் இல்லாத நேரத்தில் சத்தம் போடக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளைக் கீழே தள்ளிவிட்டு, இடுப்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு முறை மிதித்தான். இரண்டே முறைதான். பிறகு சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுப் போனான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மதினி எழாமலே என்னைப் பார்த்து, போ என்று கையை அசைத்தாள். நான் ஓடினேன். மைச்சிமிழை இருந்த இடத்தில் வைத்தேன். கல்லை எங்கள் கிணற்றில் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம் மதினியை வாடகைக் காரில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். சேலையெல்லாம் ரத்தம். பிள்ளை போய்விட்டது. மறுநாள் காலையில் அவளுக்கு உடம்பு துடைத்துவிடும்போது மாமியார் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்திருக்கிறாள். துடைத்தும் போகவில்லை. ஒற்றியெடுத்த வெள்ளைத் துணியில் சதுரமும் பாதி எழுத்தும் பதிந்திருந்தன. அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எதிர்வீட்டு அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தான். பின்னால் பதினைந்து பேர். சிலர் கையில் தறியில் நாடாவை அடிக்கும் கட்டை. அந்த நேரத்தில் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

"பர்மாக்காரா, வெளிய வாலே! செய்வினை வச்சா எம்பிள்ளையக் கொன்ன?"

"மருந்துக் கடையில, மந்திரவாதிங்க மை வைக்க வாங்குற சாதிலிங்கம் வாங்கியிருக்கான்யா. நான் கேட்டுட்டேன்" என்றான் இன்னொருவன்.

பெரியப்பா பஸ்ஸுக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். அப்பா குறுக்கே போனார்.

"நில்லுங்கடே. எங்கண்ணன் தானே, நானே கேக்கேன்."

கேட்டதும் இல்லை, காத்திருந்ததும் இல்லை. பெரியப்பாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மறுபடியும் அறைந்தார். வெகுநாள் கழித்து அப்பா சொன்னார், "நாமளே ரெண்டு போட்டா அவங்க விட்ருவாங்கன்னு நெனச்சேன்." நடந்தது வேறு. சொந்தத் தம்பியே அடிக்கிறான் என்றால் விஷயம் உண்மைதான் என்று ஆகிவிட்டது. கூட்டம் அப்பாவைத் தள்ளிவிட்டு மேலே விழுந்தது.

கட்டை எலும்பில் படும் சத்தமும் சதையில் படும் சத்தமும் வேறு வேறு. அன்று தெரிந்துகொண்டேன். பெரியப்பா தரையில் கிடந்தபடி அந்தத் துணியைப் பார்த்தார். மூலை இல்லாத சதுரம். எந்தக் கல் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அய்யா, அது ஒரு தேயிலைக் கடைக்காரன் பேருய்யா! வெறும் பேரு! நான் குத்தல. பிள்ளை எடுத்திருக்கும். பிள்ளையக் கேளுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். நான் நிலைப்படியில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"எம்பிள்ள அந்தப் பெட்டியத் தொட்டதே கெடையாது. சாமி சத்தியமாச் சொல்லுதேன்."

அம்மாவுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் என் விரலில் சிவப்பு மையைப் பார்த்து, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துவிட்டதே அவள்தான்.

"எந்தக் கையால குத்தின?" என்று கேட்டான் எதிர்வீட்டு அண்ணன். பெரியப்பா தன்னை அறியாமல் வலது கையை மார்போடு மறைத்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் பிடித்து இழுத்து வாசல் கல்லில் வைத்தார்கள். அவருடைய பெட்டியிலிருந்தே கனமான ஒரு கல்லை எடுத்துக் குத்தினார்கள். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. அம்மா என் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள். காதைப் பொத்த அவளுக்குக் கை போதவில்லை.

பிறகு பெட்டியைத் தெருவில் கவிழ்த்துக் கடப்பாரையால் உடைத்தார்கள். அவை மென்மையான கற்கள், வெல்லக்கட்டி போலப் பொடிந்தன. மிச்சத்தை எங்கள் கிணற்றிலேயே கொட்டினார்கள். நோட்டை எரித்தார்கள். மதியம் ஊர்ப் பெரியவர்கள் வந்து, போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், இரண்டு பக்கமும் இதோடு விட்டுவிட வேண்டும் என்று பேசி முடித்தார்கள். இரண்டு பக்கமும்! எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர், விரல்களை மூங்கில் தப்பை வைத்துக் கட்டும்போது பெரியப்பா கத்தியது, மறுபடி ஓட ஆரம்பித்திருந்த தறிகளின் சத்தத்துக்கு மேலேயும் கேட்டது.

நாலாம் நாள் மதினி வீட்டுக்கு வந்தாள். நான் காய்ச்சலில் கிடந்தேன். அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் காய்ச்சல். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு நடந்தது அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆடித்தபசு அன்று காலை, தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தி வாய்தவறி அதை அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

தபசு அன்று எல்லாத் தறிக்கும் லீவு. சுற்றுக் கிராமத்துச் சனம் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு முழுக்க வாசலில்தான் நின்றது. மதினி தன் வீட்டிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். முன்னறையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் முன் நின்றாள்.

"பெரியப்பா, நாந்தான் குத்தச் சொன்னேன். வெளையாட்டுக்கு. எம்பிள்ளையக் கொன்னது உங்க கல்லு இல்ல. அந்த ஆளு மிதிச்சான். ரெண்டு மிதி." அதைச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்து மறுபடியும் சத்தமாகச் சொன்னாள்.

எதிர்வீட்டு அண்ணன் வந்து அவள் கொண்டையைப் பிடித்தான். "பொய் சொல்லுதா! யாரு பாத்தா? எவ குத்தினா?"

மதினி என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லவில்லை, பார்த்தாள். அவ்வளவுதான். அப்பா என்னிடம் குனிந்தார். "ஏட்டி, நீ பாத்தியா?"

"நான் அங்க போகவே இல்ல" என்றேன்.

அவளைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனான். முட்டி தேய்ந்த தடம் புழுதியில் விழுந்தது. "புருஷன் பொஞ்சாதி விவகாரம், நமக்கென்ன" என்று ஒருவர் சொன்னது கேட்டது. கதவைச் சாத்தினான். பிறகு உள்ளே தறி ஓட ஆரம்பித்தது. தபசு அன்று, தறியின் பாவு நூலில் கை வைக்கவே கூடாத நாளில், ஒற்றைத் தறி. எதற்கு ஓட்டுகிறான் என்று அந்தத் தெருவில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

பெரியப்பா எழுந்தார். ஒரு காலை இழுத்து இழுத்துத் தெருவைக் கடந்தார். எதிர்வீட்டு முன்சுவரில் மீட்டர் பெட்டி இருந்தது. இடது கையால் அதன் மூடியைத் திறந்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

தறி நின்றது. மதினியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. மனிதக் குரல் என்றே சொல்ல முடியாது. அவன் நிறுத்தவில்லை. தறி நின்றது அவனுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. அந்தச் சற்று நேரம் அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்காத மாதிரி நிற்க யாருக்கும் வழியில்லை.

முதலில் ஓடியது அம்மா. கதவை இடித்துத் திறந்தவள், உள்ளே கிடந்த தறிக் கட்டையை எடுத்து அவன் முழங்காலில் அடித்தாள். அவன் விழுந்த பிறகும் அடித்தாள். பின்னால் போன பெண்கள் மதினியைத் தூக்கி வந்தார்கள். மண்டை பிளந்திருந்தது, ஆனால் நினைவு இருந்தது. பெரியப்பா தெரு நடுவில் பியூஸ் கட்டையோடு நின்றார். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"பெரியப்பா, நாந்தான் எடுத்தேன். மிதிச்சதையும் பாத்தேன்."

"தெரியும்ட்டி" என்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மதினியின் அப்பா வந்து அவளைக் கூட்டிப்போனார். எத்தனையோ பேச்சுவார்த்தை நடந்தும் அவள் திரும்பி வரவில்லை. சொந்த ஊரில் ஆடு வளர்த்துப் பிழைத்தாள் என்று கேள்வி. எதிர்வீட்டு அண்ணன் ஒரு வருஷத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணுக்கும் நாடா தெறித்துக்கொண்டுதான் இருந்தது.

பெரியப்பாவின் மூன்று விரல்கள் மடங்கவே இல்லை. ஆனாலும் அவர் கல் தேடுவதை விடவில்லை. தை பிறந்ததும் தூத்துக்குடி பஸ் ஏறினார். இடது கையால் கோணலாகக் குத்தி ஒரு புது நோட்டை ஆரம்பித்தார். அப்பாவோடு எப்போதும் போலப் பேசினார். என்னோடும் பேசினார், ஆனால் அந்த அறைக்குள் மறுபடி கூப்பிடவில்லை. அம்மாவோடு மட்டும் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வேளையும் அவள் வைத்த சோற்றைத்தான் சாப்பிட்டார். அடித்த தம்பியை அவரால் மன்னிக்க முடிந்தது. சத்தியம் செய்த அம்மாவை முடியவில்லை.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதத்தில் நான்தான் கூட இருந்தேன். எனக்கே பெண் பிறந்து அவள் வளர்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் கேட்டே விட்டேன். "அன்னைக்கு ஏம்மா அப்படிச் சத்தியம் பண்ணின?"

"பின்ன? உன்னை அவங்க கையில குடுக்கச் சொல்லுதியா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவுக ஆம்பள, நாலு அடி தாங்குவாவன்னு நெனச்சேன். கை போகும்னு தெரியாது. ஆனா திரும்ப வந்து கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். பாவம் எனக்கே வரட்டும்."

அவள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. அவள் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன். எலும்பும் தோலுமாக இருந்தது.

"நல்லா அழுத்திப் பிடிட்டி" என்றாள். பிடித்தேன்.